கொண்டை ஊசிகளைக் கழற்றிய பின்

இரும்பில் சுத்தியல் விழும் சத்தம். உள்துறைமுகத்தில் எந்தக் கப்பலுக்கோ துருத் தட்டுகிறார்கள். டக், டக், சற்று ஓய்வு, மறுபடி டக். தேநீரோடு கடலைப் பார்த்து நின்ற நான் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். போன கிழமை இதே சத்தம் ஒரு மூடிய கதவுக்குப் பின்னால் கேட்டது. அடுத்த சில நிமிடங்களில் என் கைக்குள் அக்காவின் கொண்டை ஊசிகள் இருந்தன.

அக்கா பாலையூற்றில் இருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறாள். சில மாதங்களாக வலது கை விறைத்து, கரும்பலகையில் எழுதும்போது வெண்கட்டி நழுவி விழுகிறது. கழுத்தில் நரம்பு நெரிபடுகிறதோ என்று பார்க்க எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். விடுமுறையில் வந்திருந்த நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். என்னைவிடப் பொருத்தமான துணை யார்? என் பிழைப்பே காந்தம். குளிர்நாட்டு ஆய்வுகூடம் ஒன்றில், ரூபிடியம் அணுக்களைக் கண்ணாடிக் குமிழுக்குள் ஆவியாக்கி, ஒளி பாய்ச்சி, காந்தப்புலத்தில் அவை பம்பரம்போல் தலையாட்டுவதை அளக்கிறேன். எந்த அதிர்வெண்ணில் தட்டினால் அணு புரள்கிறதோ, அதை வைத்துப் புலத்தின் வலுவைச் சொல்லிவிடலாம். கேட்கத் தெரிந்தால் ஒளிக்காமல் சொல்லும் சாட்சி அது.

“இத்தனை வருசமா ஒரு போத்திலையே பாத்துக்கொண்டிருக்கிறாய். உள்ளுக்க என்னடா இருக்கு?” ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்து காத்திருக்கும்போது அக்கா கேட்டாள்.

“கண்ணுக்குத் தெரியாது அக்கா.”

“தெரியாததைப் பாக்கிறதுக்குச் சம்பளமும் தாறாங்களோ! நல்ல சனம்.”

சிரித்தேன். உடம்பிலுள்ள நீரின் அணுக்கருக்களை இந்த யந்திரமும் அப்படித்தான் தட்டிக் கேட்கிறது என்று விளக்கினேன். உள்ளே வேறொருவர் படுத்திருந்தார். டக், டக், டக். எங்கள் முறை வந்தபோது, யாரும் கேட்காமலே, தாதியிடம் என் தொழிலைச் சொன்னேன். அக்காவின் காப்பைக் கழற்றினேன், சட்டைப் பின்னை எடுத்தேன், கொண்டை ஊசிகளை ஒவ்வொன்றாய் உருவினேன். “ஒரு ஊசியையும் காந்தம் விடாது அக்கா” என்று பாடம் வேறு.

“பழைய காயம், உள்ளுக்க இரும்பு, அப்பிடி ஏதும் இருக்கோ அம்மா?” தாதி கேட்டார்.

“இல்லை மிஸ்.”

“இல்லை,” என்றேன் நானும். இரண்டு குரலும் ஒன்றாய் விழுந்தன.

அக்கா கதவை நோக்கி நடந்தாள். அவிழ்ந்த கூந்தலைக் கையால் அள்ளி, வலப்பக்கக் கழுத்தை மூடிப் போட்டாள்.

அந்தக் கை. யுத்த காலத்தில், சோதனைச் சாவடியில் பஸ்ஸை விட்டிறங்கி வரிசையில் நடக்கும்போது இப்படியே கூந்தலை இழுத்துவிட்ட கை. வீட்டுக்குப் பின்னால் விழுந்து வெடித்த செல் குண்டின் இரும்புத் துண்டொன்று அவள் கழுத்துக்குள் போனது. எடுப்பது ஆபத்தென்று டொக்டர் அப்படியே விட்டார். காயம் இருந்தால் இயக்கத்துப் போராளி என்று ராணுவம் பிடித்துப்போகிற காலம். காயம் இருக்கா என்றால், இல்லை. தழும்பைக் கண்டுவிட்டால், கிணற்றடியில் விழுந்தது. வீடு முழுக்க ஒரே பதில். சொல்லிச் சொல்லி, கேட்டவர்கள் போன பிறகும், அந்த இரும்பு எங்கள் நினைவிலேயே இல்லாமல் போயிற்று.

“அக்கா, நில்லு!”

ஓடினேன். வாசலுக்கு ஓரடி முன்னால் அவள் நின்றாள். என் மணிக்கட்டைத் தாதி எட்டிப் பிடித்தார். மூடிய கைக்குள் அத்தனை ஊசிகளையும் வைத்துக்கொண்டு காந்தத்தை நோக்கி ஓடியிருக்கிறேன்.

“சேர் என்ன வேலை செய்யிறதெண்டு சொன்னனீங்கள்?” என்றார்.

கையை விரித்து ஊசிகளைக் கொடுத்தேன்; கழுத்திலிருக்கும் துண்டைச் சொன்னேன். இன்னும் இரண்டடி போயிருந்தால் அந்தத் துண்டு நரம்போரமாய் அசைந்திருக்கலாம். அக்கா அந்தக் கையையே இழந்திருக்கலாம். என் பொய்யால், என் பெருமையால், என் துறையின் காந்தத்தால். அணுவிடம் ஆயிரம் விதமாய்க் கேட்கத் தெரிந்தவன், ‘அது இப்ப எப்பிடி அக்கா இருக்கு’ என்று இத்தனை வருடத்தில் ஒருமுறை கேட்டதில்லை.

பிறகு எடுத்த எக்ஸ்ரேயில் அது தெரிந்தது. நெல்மணி அளவு வெள்ளை. நரம்பை நெரிப்பது அதுதான். அடுத்த மாதம் ஒப்பரேசன். கை பழையபடி வருமென்று யாரும் உறுதி தரவில்லை. என் விடுமுறையோ இன்றோடு முடிகிறது. நீட்டிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

விமான நிலையத்துக்குப் போகும் வான் வண்டி வந்துவிட்டது. துருத் தட்டுகிற சத்தம் இன்னும் ஓயவில்லை. அக்கா என் பையை இடது கையால் தூக்கி வந்து உள்ளே வைத்தாள்.

“ஒப்பரேசனுக்கு முதலும் அவையள் கேப்பினம் அக்கா, காயம் இருக்கோ எண்டு.”

“கேக்கட்டும். நான் ஓம் எண்டு சொல்லுறன். நீ கேக்க மறந்திடாத.”