சுயம்புலிங்கம் வாங்கிய பட்டம்

ராஜபாளையத்தில் வெள்ளிதோறும் வந்த 'மலையோரச் செய்தி'க்கு அச்சுக் கோத்தவர் சுயம்புலிங்கம். தினமும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவார். நான் அதில் நிருபர். 1983இல் ஆபீஸ் மாற்றியபோது ழகர ஈய எழுத்துகள் இருந்த பெட்டி சாக்கடையில் கொட்டிவிட்டது. மிஞ்சியவை மூன்று. பேப்பரின் இரண்டு பக்கத்தையும் ஒரே அடியில் அடிப்பதால் ஒரு எழுத்தை இரண்டு இடத்தில் வைக்க முடியாது; வாரத்துக்கு மூன்றே ழகரம்.

"புதுசு அடுத்த வாரம் வந்துரும்" என்றார் முதலாளி வைகுண்டராஜ். அந்த அடுத்த வாரம் பதினோரு வருஷமாக வரவில்லை.

முதலில் ளகரத்தை வைத்து ஒப்பேற்றினோம். 'வாளைப்பளம்' என்று அச்சான தாளை ஒரு தமிழாசிரியர் சிவப்பு மையால் திருத்தி, பூஜ்யம் போட்டுத் திருப்பி அனுப்பினார். அதோடு சுயம்புலிங்கம் மாறிவிட்டார். நான் எழுதிக் கொடுக்கும் மழையெல்லாம் அவர் கையில் சாரலாகிவிடும். அய்யனார் கோவில் ஆற்றில் வெள்ளம் வந்து பாலமே போன அன்றும் சாரல்தான். கிழவி மூதாட்டியானாள். வார இதழ் வார ஏடானது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கொடுமை என்னவென்றால், ஊருக்கு இந்த நடை பிடித்துப்போயிற்று. 1994இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மன்றம் ஒன்று அவருக்குத் 'தமிழ்ப்பேழை' என்று பட்டமே கொடுத்துவிட்டது.

ஊரார் பேரையெல்லாம் கோத்த மனிதரின் பேர் ஒரு தடவைகூடப் பேப்பரில் வந்ததில்லை. மனைவி பரிபூரணம் அதைச் சொல்லிக்காட்டாத நாளில்லை. பட்டத்தோடு தன் பேரைப் பார்க்க சுயம்புலிங்கத்துக்கு அவ்வளவு ஆசை. இரண்டு ழகரத்தைத் தனியாக எடுத்து வைத்தார்.

அந்த வாரம்தானா வன்னியம்பட்டியிலிருந்து கல்யாணச் செய்தி வரவேண்டும்? மாப்பிள்ளை பழனியாண்டி, பெண் பொன்னழகு, பெண்ணின் தகப்பனார் அழகர்.

"அளகர்னு போடும்வே" என்றார் முதலாளி.

"பெத்தவன் வச்ச பேருல்லா மொதலாளி, அதுல நான் கை வைக்கலாமா?"

"அப்பம் உம்ம செய்தியை அடுத்த வாரம் போடுவோம்."

முதலாளியின் அடுத்த வாரம் சுயம்புலிங்கத்துக்குத் தெரியாதா? மூன்று எழுத்தையும் கல்யாணத்துக்குக் கொடுத்துவிட்டு, தன் செய்தியை ஒரே வரியில் முடித்தார்: 'ஸ்ரீவில்லிபுத்தூர் மன்றத்தில் சுயம்புலிங்கம் பட்டம் வாங்கினார்.'

பேப்பர் வந்த மறுநாள் பஸ்ஸில் ஆளாளுக்கு அவரைப் பிடித்துக்கொண்டார்கள்.

"அண்ணாச்சி, இந்த வயசுல பட்டம் விடுதியளாக்கும்?"

"வாலு எம்புட்டு நீளம்?"

ஆபீசுக்கு வந்து அவர் இதைச் சொன்னதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. நேரே ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர் வீட்டுக்குப் போனேன். பரிபூரணம் அந்த ஒரு வரியை வெட்டி, சோற்றுப் பசை தடவி வாசற்கதவில் ஒட்டிக்கொண்டிருந்தார்.

"மதினி, ஊரே காத்தாடின்னு நெனைச்சுச் சிரிக்கி" என்றேன்.

"சிரிக்கட்டும். சிரிக்கதுக்கு முந்தி அம்புட்டுப் பேரும் அவிய பேரை வாசிச்சிருக்காவல்லா?"