வலது பக்கத்து முளை

என் சொந்தத் தங்கையே இதை நம்பவில்லை. அதனால் நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை. நடந்தது நடந்ததுதான். மாலை 6:40-லிருந்து 6:57 வரை, பதினேழு நிமிஷம், நான் அங்கே இருந்தேன்.

நான் தச்சன். எங்கள் நகரத்தின் பழைய கடைவீதியைப் புதுப்பித்தபோது எட்டு மாதம் அங்கே வேலை பார்த்தேன். எலி ஓடிக்கொண்டிருந்த கிடங்குகளெல்லாம் இப்போது உணவகம், சினிமா, ஆட்டம் பாட்டம். தெரு முழுக்க மஞ்சள் விளக்கு. நடுவில் ஒரு பழைய குத்துச்சண்டைக் கூடம். கயிறு கட்டிய மேடையை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டு, சுற்றிலும் மேசை நாற்காலி போட்டுவிட்டார்கள்.

மேடையின் மூலைத் தூணில், இடது பக்கம், சட்டை மாட்டுகிற மரமுளை ஒன்று இருந்தது. வலது பக்கம் வெறும் ஓட்டை. அதற்குள் யாரோ ஈயத்தைக் காய்ச்சி ஊற்றி அடைத்திருந்தார்கள். ஜோடி இல்லாத முளையைப் பார்த்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. ஒரு நாள் முழுக்கக் குடைந்து ஈயத்தை எடுத்தேன். புது முளை கடைந்து, பசை தடவி அடித்தேன். யாரும் செய்யச் சொல்லவில்லை. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தவன் நான்தான்.

திறப்பு விழா முடிந்த இரண்டாவது வாரம் தங்கை குடும்பத்தை அங்கே கூட்டிப்போனேன். என் வேலையைக் காட்டுகிற பெருமை, வேறென்ன? தங்கையும் அவள் மகளும் வாசலில் ஐஸ்கிரீம் வரிசையில் நின்றார்கள். அந்த மேடையில் அன்றைய பாட்டுக் கச்சேரி எட்டு மணிக்குத்தான். கூடம் காலி. பழகின காவலாளி என்பதால் என்னையும் மாப்பிள்ளையையும் உள்ளே விட்டார். மாப்பிள்ளை என்றால் தங்கை புருஷன். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். கரப்பான் பூச்சியைக்கூட அடிக்காமல் தாளில் தள்ளி வெளியே விடுகிற ஆள்.

இடது முளையில் ஒரு பழைய சட்டையைக் காட்சிக்கு மாட்டியிருந்தார்கள். நிலவறையைச் சுத்தம் செய்தபோது கிடைத்ததாம். பக்கத்தில் விளக்கப் பலகை. மாப்பிள்ளை அதை வாத்தியார் குரலில் படித்தார்.

"சவால் விடுபவன் இடது முளையில் சட்டையை மாட்டுவான். ஏற்பவன் வலது முளையில் மாட்டுவான். ஒருவன் விழுந்து எழாமல் கிடக்கும்வரை சட்டையை எடுக்கக் கூடாது."

"மச்சான் செஞ்ச முளைக்கு ஒரு மரியாதை வேணாமா?" என்று சிரித்தபடி சட்டையைக் கழற்றி வலது பக்கம் மாட்டினார். பனியனோடு மேடை ஏறி முஷ்டியை உயர்த்தினார். "போட்டோ எடுங்க."

மணி 6:48.

டிங்...

மேடை ஓரம் தொங்கும் வெண்கல மணி. அதை மாட்டியது நான். அதற்கு நாக்கு கிடையாது.

அடுத்து பலகை முனகியது. சத்தம் கேட்டது மாப்பிள்ளை நின்ற இடத்தில் இல்லை. எதிர் மூலையில். க்ரீச்... க்ரீச்... நான் இழைத்துப் போட்ட பலகை அது, அவ்வளவு லேசில் முனகாது. ரொம்பக் கனமான யாரோ நடந்து வந்தால்தான் உண்டு.

"மச்சான்... யாரு இவரு?"

"எவரு?"

தொம்.

மாப்பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு மடங்கினார். அவர் முகம் தானாக மேலே எகிறியது. மூக்கு நொறுங்கிய சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. ரத்தம் கயிற்றின் மேல் தெறித்தது.

நான் மேடையில் பாய்ந்தேன். நெஞ்சில் ஒரு கை பட்டது. வேர்வையில் ஈரமான, சூடான கை. தள்ளிய வேகத்தில் இரண்டு மேசை தாண்டி விழுந்தேன்.

மேலே தொம்... தொம்... விலா எலும்பு முறிந்தது. புருவம் கிழிந்தது. பூச்சியை அடிக்காத மனுஷன் அழுதுகொண்டே கையை வீசினார். எதிரே யாருமில்லை. ஆனாலும் அந்த முஷ்டி எதிலோ போய் மோதியது.

டிங்...

6:51. ஒரு நிமிஷம் எல்லாம் நின்றது. கயிற்றுக்கு வெளியே நின்று அவர் காலைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை.

"வந்துருங்க மாப்பிள்ளை."

"விட மாட்டேங்கறான்," என்றார். "சட்டைய எடுங்க."

டிங்...

ஓடிப்போய்ச் சட்டையை இழுத்தேன். வரவில்லை. கிழித்துப் பார்த்தேன். கிழியவில்லை. காதில் அடி விழும் சத்தம் மட்டும். தொம். தொம். தொம்.

உதவிக்குக் கத்தினேன். தெருவில் பாட்டுச் சத்தம்.

6:55. மணி. மறுபடி 6:56. மணி.

இந்தத் தடவை அவர் கையைக்கூடத் தூக்கவில்லை.

வாசலில் குழந்தை நிற்கிறாள்...

இரும்பு ஸ்டூலைத் தூக்கினேன். முளையில் அடித்தேன்.

ஒன்று.

இரண்டு.

மூன்றாவது அடியில் முளை முறிந்தது. 6:57. சட்டை தரையில் விழுந்தது. மாப்பிள்ளையும் விழுந்தார். அவர் முகம் அடையாளமே தெரியவில்லை.

உள்ளே இருந்தது இரண்டே பேர். ஒருவர் சாகக் கிடந்தார், இன்னொருவன் மேலெல்லாம் ரத்தம். போலீஸ் வேறு யாரைப் பிடிக்கும்? "உன்னை நம்பித்தானே அனுப்பினேன்," என்றாள் தங்கை. அதன்பிறகு இன்றுவரை என்னோடு பேசவில்லை. நாலு நாள் கழித்து மாப்பிள்ளைக்கு நினைவு வந்தது. அன்று நடந்தது எதுவும் ஞாபகமில்லை என்கிறார்.

என்னை விட்டதற்குக் காரணம் மருத்துவமனை அறிக்கை. மாப்பிள்ளையின் வலது முஷ்டி வீங்கியிருந்ததால் அதைக் கீறிப் பார்த்தார்கள். விரல் மூட்டுக்கு நடுவே ஒரு பல் குத்தி நின்றது. அவர் வாயில் எண்ணினார்கள், ஒன்றும் குறையவில்லை. போலீஸ் என் வாயைத் திறந்து எண்ணியது. எனக்கும் குறையவில்லை.

பல் மருத்துவரிடம் அனுப்பினார்கள். பழுப்பேறி, காய்ந்து, மண்ணில் புதைந்து கிடந்தது மாதிரியான பல். இதன் சொந்தக்காரன் செத்து எண்பது வருஷமாவது இருக்கும் என்று எழுதிக் கொடுத்தார்.

வேரில் ஒட்டியிருந்த சதை மட்டும் புதுசு என்றார்.