கண்ணாடி டீச்சரின் கடைவாய்ப்பல்

கண்ணாடி டீச்சர் மூக்கில் கண்ணாடி எதுவும் கிடையாது. பெண்களுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுப்பவர் அவர். மரச்சாமான் கடைக்கு மேலே இருந்த நீளமான கூடத்தை வாடகைக்குப் பிடித்து வகுப்பைத் தொடங்கிய புதிதில், வந்தவர்களுக்கு முதுகைக் காட்டி நின்றுதான் கையையும் காலையும் ஆட்டிக் காட்டினார். முன்னால் டீச்சர் மூச்சு வாங்கக் குனிந்து நிமிர்வார். பின்னால் இருந்தவர்கள் ஜன்னலோரம் வரிசையாக உட்கார்ந்து மாமியார் கதை பேசிக்கொண்டிருப்பார்கள். ஒரு நாள் சட்டென்று திரும்பிப் பார்த்தார். அதற்குப் பிறகு அந்தக் கூடத்தில் அவர் முதுகை யாரும் பார்த்ததில்லை.

ஆனால் எதிரே முகம் பார்த்து நின்றதில் வேறொரு வில்லங்கம் வந்தது. டீச்சர் "இடது" என்று சொல்லி இடது கையைத் தூக்கினால், எதிரே இருந்தவர்கள் பாதிப் பேர் அதையும் பாதிப் பேர் இதையும் தூக்கி, பக்கத்தில் நிற்பவர் மூக்கில் இடித்தார்கள். சுவர் முழுக்கக் கண்ணாடி மாட்ட வசதியில்லை. டீச்சர் தானே கண்ணாடியாகிவிட்டார். வாயால் "இடது" என்பார், கையில் வலதைத் தூக்குவார். எதிரே நிற்பவர்கள் அந்தக் கை இருக்கும் பக்கமே தங்கள் கையைத் தூக்கினால் போதும், அது இடதாகவே இருக்கும். மூக்குகள் தப்பின. டீச்சருக்குப் பெயரும் கிடைத்தது.

பழக்கம் கூடத்தோடு நிற்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கேட்டால் டீச்சர் இடது வலது பிசகாமல் சொல்வார். எதிரே நின்று கேட்டால் மட்டும் உள்ளே ஏதோ ஒரு பல்சக்கரம் தானாகத் திரும்பிக்கொள்ளும். ஒரு முறை செருப்புக் கடையில், காலடியில் உட்கார்ந்திருந்த கடைக்காரர் "எந்தக் கால்ல கடிக்குது?" என்று கேட்டார். டீச்சர் வலது காலை நீட்டி "இடது" என்றார். கடைக்காரர் இடது செருப்பை எடுத்துப்போய் அரை மணி நேரம் தட்டி இழுத்துக் கொண்டுவந்தார். அது காலில் நிற்காமல் தனியே நடக்கப் பார்த்தது. டீச்சர் அந்தக் கடைக்காரருக்குக் காது மந்தம் என்று இன்றைக்கும் சொல்வார்.

இப்படிப்பட்டவருக்குக் கீழ்வரிசையில் இரண்டு கடைவாய்ப்பல் சொத்தை. வலது பக்கத்தில் இருந்தது வேர் வரைக்கும் போய்விட்டது. இடது பக்கத்தில் சின்னதாக ஒரு குழி. பல் டாக்டர் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்து, வலதைப் பிடுங்கிவிடலாம், இடதை அடைத்துவிடலாம் என்று தெளிவாகச் சொல்லி, அடுத்த வாரம் வரச் சொன்னார்.

அடுத்த வாரம் வெளியே ஏகப்பட்ட கூட்டம். டாக்டர் கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டே வந்து, சாய்வு நாற்காலிக்கு நேர் எதிரே நின்று கேட்டார்.

"எந்தப் பக்கம்மா எடுக்கணும்?"

டீச்சர் பதில் சொன்னார், கையையும் தூக்கிக் காட்டினார். டாக்டர் பதிலைக் கேட்டார், கையைப் பார்க்கவில்லை. தட்டில் ஊசியைத் தேடிக்கொண்டிருந்தார்.

இடது பக்கம் மரத்துப்போனபோது டீச்சருக்குச் சந்தேகம் வரவில்லை. முதலில் குழியை அடைக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்தார். குறடு உள்ளே போனபோதுதான் பகீரென்றது. "ஆ... ஆ!" என்று கத்தினார். பல் டாக்டர்கள் அந்த ஓர் எழுத்தை நாள் முழுக்கக் கேட்பவர்கள். "முடிஞ்சுது, முடிஞ்சுது, இதோ வந்திடுச்சு" என்று அவர் ஆறுதல் சொன்னார். உண்மையிலேயே வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து பஞ்சை எடுத்துவிட்டு, டீச்சர் வலது கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவருடைய வீட்டுக்காரர் மிக்ஸி ரிப்பேர் கடை வைத்திருப்பவர்.

"பல்லுதான் போயிடுச்சே, வலி போகலையா?"

"போன பல்லு வேற, வலிக்கிற பல்லு வேற."

வீட்டுக்காரர் டார்ச் லைட்டை எடுத்து வந்து வாய்க்குள் அடித்துப் பார்த்தார். பார்த்தவர் முகம் சிவந்தது. "மாத்திப் பிடுங்கிட்டானா? அடப்பாவி! நான் மிக்ஸியைக் கழட்டினாக்கூட எவனோட மிக்ஸின்னு பார்த்துட்டுத்தானே கழட்டுறேன்! நீ எந்தப் பக்கம்னு சொன்னே?"

"வலதுன்னுதான் சொன்னேன். கையைத் தூக்கிக்கூடக் காட்டினேன்."

டீச்சர் பொய் சொல்லவில்லை. வலது கையைத் தூக்கியது அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. கை வலது என்றால் வாயும் வலது என்றுதானே சொல்லியிருக்கும்?

மறுநாள் காலையில் வீட்டுக்காரரின் தங்கை வந்து இறங்கினார். அவர் வக்கீல். டீச்சருக்கும் இந்த நாத்தனாருக்கும் ஆரம்பத்திலிருந்தே ஏட்டிக்குப் போட்டிதான். நாத்தனார் உடம்பு இளைக்க இரண்டே நாள் வகுப்புக்கு வந்து, மூன்றாம் நாள் "அண்ணி சொல்றது ஒண்ணு, செய்யறது ஒண்ணு" என்று நின்றுவிட்டவர்.

வீட்டுக்காரர் தங்கையைக் காபி குடிக்கவிடவில்லை.

"முதல்ல இதை எழுதிக்கோ. ரெண்டு மணி நேரம் காக்க வெச்சாங்க."

"அதுக்குக் கேஸ் கிடையாதுண்ணா."

"வாசல்ல உட்கார்ந்திருக்கிற பொண்ணு மூஞ்சைத் தூக்கி வெச்சுக்கிட்டுப் பேசுது."

"அதுக்குக் கேஸ் போட்டா, முதல்ல உன் மேலதான் போடணும்."

"ஊசி போட்ட இடம் வீங்கியிருக்கு. பாரு, பன்னு மாதிரி இருக்கு!"

"ஊசி போட்டா வீங்கத்தான் செய்யும். ஒழுங்கா வைத்தியம் பார்த்தும் வர்ற கஷ்டம் அது. கேஸ் இல்ல."

வீட்டுக்காரருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. "எதுக்குத்தாம்மா கேஸ்?"

"கஷ்டம் வந்தாலே டாக்டர் தப்புன்னு ஆயிடாது. அவரு தப்புப் பண்ணி அதனால ஒரு கெடுதலும் வரலைன்னாலும் கேஸ் நிக்காது. அவரு கையில நம்மளை ஒப்படைச்சிருக்கணும். கவனமா இருக்கிற இன்னொரு டாக்டர் அந்த இடத்துல செய்யாத ஒண்ணை இவரு செஞ்சிருக்கணும். அதனாலயே நமக்கு நஷ்டம் வந்திருக்கணும். இதுல ஒரு கால் ஒடிஞ்சாலும் நாற்காலி கவுந்துடும்." நாத்தனார் டீச்சர் பக்கம் திரும்பினார். "அண்ணி, நீங்க வலதுன்னு சொன்னீங்க, நல்லா ஞாபகம் இருக்கா?"

"நான் இடது வலதுல தப்புப் பண்ணி நீ பார்த்திருக்கியா?"

"ரெண்டு நாள்தானே பார்த்தேன்" என்றார் நாத்தனார். "சரி. இன்னொரு பல் டாக்டர்கிட்ட காட்டி, போன பல்லைக் காப்பாத்தியிருக்க முடியுமான்னு எழுதி வாங்குங்க. இவர்கிட்ட எக்ஸ்ரே, சிகிச்சைக் குறிப்பு எல்லாத்துக்கும் நகல் கேளுங்க. நாளாக நாளாக நமக்குத்தான் கஷ்டம், கேஸ் போடற கெடு தாண்டினா கோர்ட்டுல வாசலோட திருப்பி அனுப்பிடுவாங்க. நான் நோட்டீஸைத் தயார் பண்றேன். வலதுன்னு தெளிவாச் சொல்லியும் இடதைப் பிடுங்கினார்னு போடுறேன்."

இன்னொரு டாக்டர் பார்த்தார். அடைத்திருந்தால் அந்த இடது பல் இன்னும் பல வருஷம் உழைத்திருக்கும் என்று எழுதியே கொடுத்தார். டீச்சருக்கு அதைக் கேட்டதும் செத்துப்போன பல்லின் மேல் தனிப் பிரியம் வந்துவிட்டது. வீட்டுக்காரர் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் கதையைச் சொல்லி முடித்திருந்தார்.

வீக்கம் வடிந்து டீச்சர் வகுப்புக்குப் போனார். எதிரே எல்லோரும் வரிசையாக நின்றார்கள். கதை அவர்களுக்கும் எட்டியிருந்ததால் வழக்கத்தைவிட ஒழுங்காக நின்றார்கள்.

"ரெடி? இடது!" என்றார் டீச்சர்.

கை மேலே போனது. போன கை இறங்கவில்லை. டீச்சர் அண்ணாந்து அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். அது வலது கை. எதிரே அத்தனை பேரும் இடது கையைத் தூக்கி நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் முன்வரிசையில் இருந்த தையல்காரம்மா மெதுவாகக் கேட்டார்.

"டீச்சர், இறக்கலாமா? கை கடுக்குது."

டீச்சர் அன்றைக்கு வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு நேரே நாத்தனாரின் அலுவலகத்துக்குப் போனார். வழி நெடுக மனம் கிடந்து அடித்துக்கொண்டது. சொன்னால் கேஸ் போகும், போன பல்லும் போனதோடு சரி. போதாததற்கு இடது வலது தெரியாதவள் என்ற பட்டமும் வரும், அதுவும் இந்த நாத்தனார் வாயால். சொல்லாவிட்டால் ஒரு மனுஷன் தொழிலில் பொய்யை ஏற்றிவிட்ட பாவம்.

நாத்தனார் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். நோட்டீஸ் கையெழுத்துக்குத் தயாராக இருந்தது.

"அதை அனுப்பாதே" என்றார் டீச்சர். "நான் இடதுன்னுதான் சொல்லியிருக்கேன். அவரு எதிர்ல நின்னுக்கிட்டுக் கேட்டாரு."

நாத்தனார் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு, "அண்ணி, எந்தக் கன்னம் வீங்கியிருந்தது?" என்று கேட்டார்.

டீச்சர் இடது கன்னத்தைத் தொட்டு, "வலது" என்றார்.

நாத்தனார் சிரித்த சிரிப்பில் வெளியே இருந்த குமாஸ்தா எட்டிப் பார்த்தார். டீச்சர் மூக்கு விடைக்க எழுந்துகொண்டார்.

"சிரிச்சு முடிச்சியா, வக்கீலம்மா? கேஸு போச்சு, நான் கிளம்பறேன்."

"உட்காருங்க அண்ணி. யாரு போச்சுன்னு சொன்னது?" நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பிடுங்கறதுக்கு முன்னாடி படத்தைப் பார்க்கறது அவரு வேலை. வலியில உட்கார்ந்திருக்கிறவங்க வாய்ல வந்ததை மட்டும் நம்பி யாராவது குறடை எடுப்பாங்களா? நீங்க சொன்னதால உங்க பக்கம் கொஞ்சம் இளைக்கும், அவ்வளவுதான். அவரு பக்கம் தப்பு இல்லைன்னு ஆகாது. ஆனா இந்தக் காகிதம் போயிருந்து, அப்புறம் நீங்க இப்படிச் சொல்லியிருந்தீங்கன்னா, நிஜமான பாதியையும் யாரும் நம்பியிருக்க மாட்டாங்க." நோட்டீஸை இரண்டாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். "முதல்ல நேர்ல போய்ப் பேசுவோம். அண்ணாகிட்ட சொல்லிட்டீங்களா?"

"அவரு ஊரு பூரா சொல்லி முடிச்சிட்டாரே! எந்த வாயால சொல்றது?"

"மிச்சம் இருக்கிற வாயாலதான்."

அப்படியும் சொல்லத் துணிவு வரவில்லை. மூன்று பேரும் பல் டாக்டர் அறையில் போய் உட்கார்ந்தார்கள். வீட்டுக்காரர் தேய்த்த சட்டை போட்டிருந்தார். டாக்டர் இரண்டு நாளாகத் தூங்காதவர் போல இருந்தார். ஆனாலும் விறைப்பாகவே ஆரம்பித்தார்.

"நான் கேட்டேன். இடதுன்னு அவங்களேதான் சொன்னாங்க."

வீட்டுக்காரர் துள்ளி எழுந்தார். "என் பொண்டாட்டியா? ஊருக்கே இடது வலது சொல்லிக்கொடுக்கிறவ சார் அவ! அவ வலதுன்னா வலதுதான்! சொல்லும்மா!"

டீச்சர் தரையைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார். "அவரு சொல்றது சரிதாங்க. இடதுன்னுதான் சொன்னேன்."

வீட்டுக்காரர் காற்றுப் போன டியூப் மாதிரி உட்கார்ந்தார். டாக்டர் முகத்தில் தெளிச்சல் வந்தது. அது முழுசாக வருவதற்குள் டீச்சர் எழுந்துவிட்டார்.

"டாக்டர், எழுந்து எனக்கு எதிர்ல நில்லுங்க. நிமிர்ந்து. இடது!"

அந்தக் குரலுக்கு ஒரு கூடமே பல வருஷமாகக் கட்டுப்பட்டிருக்கிறது. டாக்டர் இடது கையைத் தூக்கினார். வீட்டுக்காரரும் தூக்கினார்.

"நான் எந்தக் கையைத் தூக்கியிருக்கேன்?"

"நீங்களும் இடதுதான்" என்றார் டாக்டர்.

"நல்லாப் பாருங்க."

டாக்டர் தன் கையைப் பார்த்தார், டீச்சர் கையைப் பார்த்தார், மறுபடி தன் கையைப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவருடைய விறைப்பெல்லாம் தோளிலிருந்து இறங்கியது.

"அன்னிக்கும் இப்படித்தான் காட்டினேன். நீங்க பார்க்கலை."

டாக்டர் கையை இறக்காமலே பேசினார். "கையையும் பார்க்கலைம்மா, படத்தையும் பார்க்கலை. பின்னாலேயே மாட்டி வெச்சிருந்தது. கூட்டத்தைப் பார்த்துப் பறந்துட்டேன். உங்ககிட்ட கேட்டேனே தவிர, நான் பார்த்துச் சரி பண்ணலை. அது என் தப்பு."

அதற்குப் பிறகு பேச்சு சுலபமாகப் போயிற்று. போன இடத்தில் புதுப் பல்லைத் தன் செலவிலேயே வைத்துத் தருவதாக டாக்டர் சொன்னார். நடந்ததை நடந்தபடி, டீச்சர் சொன்ன "இடது" உட்பட, நாத்தனார் எழுதிக் கையெழுத்து வாங்கினார்.

"டாக்டர், அந்தப் பல்லு நின்னு, அண்ணி அதால மெல்லற வரைக்கும் என் பேனாவை மூடமாட்டேன். உரிமையை விட்டுக்கொடுத்ததா இதுல ஒரு வரியும் இல்ல, படிச்சுப் பாருங்க" என்றார். டாக்டர் இந்த முறை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

மிச்சமிருந்த வலது பல்லை யாரிடம் பிடுங்குவது என்ற கேள்வி வந்தது. இவரிடமே என்றார் டீச்சர்.

"உனக்கென்ன பைத்தியமா?" என்றார் வீட்டுக்காரர்.

"இனிமே இவரு மாதிரி பார்த்துப் பார்த்துப் பிடுங்கறவரு வேற யாரு இருக்காங்க?"

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வாய்க்குள் கண்ணாடிக் குச்சியை விட்டுப் பார்த்தார். உதவிக்கு இருந்த பெண்ணை அழைத்துப் பார்க்கச் சொன்னார். அப்படியும் திருப்திப்படாமல், அழியாத மைப்பேனாவை எடுத்து டீச்சரின் வலது கன்னத்தில் பெரிதாக ஓர் அம்புக்குறி போட்டுவிட்டுத்தான் ஊசியைத் தொட்டார்.

பல் போயிற்று, வலியும் போயிற்று. மை மட்டும் போகவில்லை. சோப்பு, தேங்காயெண்ணெய், வீட்டுக்காரர் மிக்ஸிக்குப் போடும் திரவம், எதற்கும் அது அசையவில்லை. டீச்சர் அம்புக்குறியோடே வகுப்புக்குப் போய் வரிசைக்கு எதிரே நின்றார்.

"டீச்சர், கன்னத்துல என்ன மை?" என்றார் தையல்காரம்மா. "எந்தப் பக்கப் பல்லை எடுத்தாங்க?"

"இ..." என்று வாயைத் திறந்த டீச்சர், கப்பென்று மூடிக்கொண்டார். இனி எதிரே நின்று கேட்பவர்களுக்கு வாயால் பதில் சொல்வதில்லை என்று நாத்தனாரின் தலையில் அடித்து அவர் சத்தியம் செய்திருந்தார். வலது கை விரலைத் தூக்கி, "இங்க" என்று அம்புக்குறியின் மேல் அழுத்தி வைத்துக் காட்டினார்.

பயிற்சி தொடங்கிவிட்டது என்று நினைத்து, எதிரே நின்ற அத்தனை பேரும் ஒரே மாதிரி தங்கள் இடது கன்னத்தில் விரலை வைத்தார்கள்.