கறுப்புத் திரையில் பச்சைச் சேலை

எங்கள் வீட்டுச் சரஸ்வதி பூஜையில் சாமிக்கு அடுத்த மரியாதை மடிக்கணினிக்குத்தான். ஜெலுத்தோங்கில் ஒன்பதாவது மாடியில் இருந்த எங்கள் பிளாட்டில், விலை உயர்ந்த பொருள் என்று சொல்ல அது ஒன்றுதான் இருந்தது. அப்பாவின் ஆபீஸில் பழசாகிப் போனது என்று ஒதுக்கி வைத்திருந்ததை, அக்காவின் படிப்புக்கென்று கேட்டு வாங்கி வந்திருந்தார். தூக்கினால் கை வலிக்கும். அதற்கு வீட்டில் பெயரே "அக்கா லேப்டாப்" என்பதுதான். மற்றவர்கள் தொடக்கூடாது என்று அர்த்தம். மற்றவர்கள் என்றால் நான். எனக்கு அப்போது ஒன்பது வயது.

அந்த வருடம் அந்தப் பெட்டிக்குள்தான் அக்காவின் எதிர்காலமே இருந்தது. ஆறாம் படிவம் முடித்த அவளுக்குக் கோலாலம்பூரில் பல்கலைக்கழக இடம் கிடைத்திருந்தது. ஏதாவது ஓர் அறவாரியம் கல்வி உதவி கொடுத்தால் போகலாம். இல்லாவிட்டால் பாயான் பாருவில் ஃபேக்டரி வேலைக்கு மனு போடவேண்டியதுதான். இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அப்படி ஓர் அறவாரியம் இணையம் வழியாக விண்ணப்பம் கேட்டிருந்தது. அக்கா மூன்று வாரம் உட்கார்ந்து கட்டுரை எழுதி, சான்றிதழ்களையெல்லாம் ஸ்கேன் செய்து உள்ளே வைத்திருந்தாள். கடைசி நாள் சனிக்கிழமை, மாலை ஐந்து மணி. வியாழக்கிழமையே அனுப்பியிருக்கலாம். அப்பாதான் விடவில்லை.

"வெள்ளிக்கிழமை பூஜையில வச்சு எடுத்து அனுப்பு. அம்பாள் பார்வை பட்டதும் போகட்டும்."

"அங்க யாருப்பா அம்பாளை கேட்டாங்க? நேரத்துக்குப் போனாலே போதும் லா" என்று அக்கா முணுமுணுத்தாள். ஆனாலும் கொண்டுபோய் வைத்தாள். பூஜையில் வைத்த புத்தகத்தை மறுநாள் விஜயதசமி காலையில்தான் எடுத்துப் படிக்கவேண்டும் என்பது சட்டம். அந்தச் சட்டம் லேப்டாப்புக்கும் உண்டு என்று அப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

பொட்டு வைப்பது என் இலாகா. கிண்ணத்தில் சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து, ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒன்று, பேனாப் பெட்டிக்கு ஒன்று, அப்பாவின் மோட்டார்சைக்கிள் சாவிக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டே வந்தேன். லேப்டாப்பின் மூடிமேல் ஒன்று வைத்தாயிற்று. அதோடு விட்டிருக்கலாம். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. வெளியே வைத்தால் சாமிக்கு எப்படித் தெரியும், எழுத்து உள்ளேயல்லவா இருக்கிறது? யாரும் பார்க்காதபோது மூடியைத் திறந்து, பெரிய விசை ஒன்றுக்குப் பொட்டு வைத்தேன். திரை மடங்கும் இடத்தின் பக்கத்தில், அரை அரிசி அளவுக்கு ஒரு சின்னக் குமிழ் துருத்திக்கொண்டு நின்றது. பொட்டு வைப்பதற்கென்றே செய்தமாதிரி இருந்தது. அதற்கும் தாராளமாக அப்பி, மூடியைச் சாத்திவிட்டுக் கும்பிட்டேன்.

மறுநாள் காலை அக்கா குளித்துவிட்டு வந்து லேப்டாப்பைத் திறந்தாள். விசைமேல் காய்ந்திருந்த சந்தனத்தைத் துடைத்தபடியே என்னை முறைத்தாள். பிறகு பொத்தானை அழுத்தினாள். உள்ளே காற்றாடி சுற்றியது. வழக்கமான அந்தச் சின்ன இசையும் கேட்டது. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. அணைத்துப் போட்டாள், மறுபடி அணைத்துப் போட்டாள். கறுப்புதான். பூஜையில் வைத்ததை நான் திறந்ததால் அம்பாள் கோபித்துக்கொண்டாள் என்று எனக்கு அப்போதே உறுதியாகிவிட்டது. வாயைத் திறக்கவில்லை.

அப்பா தெரிந்த கடை ஒன்றுக்கு ஃபோன் போட்டார். "ஸ்க்ரீன் ரோசாக்காம், கெட்டுப்போச்சாம். மாத்தணும்னா ஒரு வாரம் ஆகுமாம்" என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். டிவியில் இணைத்துப் பார்க்கலாம் என்றால், எங்கள் டிவி பின்பக்கம் புடைத்த பழைய டிவி. அதில் அந்த ஒயரைச் செருக ஓட்டையே கிடையாது. அக்கா அழவில்லை. கீழே சைபர் கஃபேக்குப் போய் முதலிலிருந்து எழுதுகிறேன் என்று ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். மூன்று வார எழுத்தை ஐந்து மணிக்குள் எழுதிவிடலாம், அங்கே ஸ்கேனர் கிடையாது, சான்றிதழுக்கு எங்கே போவாள்? அவள் அழாமல் போனதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

அம்மாதான் சித்தியைக் கூப்பிட்டாள். சித்தி அம்மாவின் தங்கை. கல்யாணம் ஆகவில்லை. பாயான் பாருவில் தோழிகளோடு அறை எடுத்துத் தங்கி, லேப்டாப் செய்யும் ஃபேக்டரி ஒன்றில் பன்னிரண்டு வருடமாக வேலை செய்துகொண்டிருந்தாள். அவளுக்கு லேப்டாப் பார்க்கத் தெரியும் என்று அப்பாவுக்கு நம்பிக்கை இல்லை. ஆப்பரேட்டர் என்றால் வரிசையில் உட்கார்ந்து திருகாணி முடுக்குகிறவள் என்று நினைத்துக்கொண்டிருந்தார். உண்மையில் சித்தி திரை சோதிப்பவள். இருட்டு அறையில் உட்கார்ந்து, ஒவ்வொரு திரையாக எரியவிட்டு, புள்ளி இருக்கிறதா, ஓரம் மங்குகிறதா என்று பார்த்து அனுப்புவது அவள் வேலை.

சித்தி நடுப்பகலில் வந்து சேர்ந்தாள், பஸ்ஸில். எப்போதும் மோட்டாரில் பறந்து வருகிறவள்.

"மோட்டார் எங்க?" என்றார் அப்பா.

"வித்துட்டேன் மாமா. நைட் ஷிஃப்ட் முடிச்சு ஓட்டிட்டு வர பயமா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தவள், வாசலோரம் இருந்த ஸ்டூலில் இடித்துக்கொண்டாள். அது எத்தனையோ வருடமாக அதே இடத்தில் இருக்கிற ஸ்டூல். தூக்கக் கலக்கம் என்று அம்மா காப்பி கலக்கப் போனாள்.

சித்தி லேப்டாப்பைப் போட்டுவிட்டு, திரையைப் பார்க்காமல் காதைச் சாய்த்துக் கேட்டாள். இசை வந்ததும் தலையாட்டினாள். "உள்ள உயிர் இருக்கு மாமா." வெளிச்சத்தைக் கூட்டும் விசையைப் பத்துத் தடவை தட்டினாள். சார்ஜரைச் செருகிப் பார்த்தாள், பிடுங்கிப் பார்த்தாள். திரையை மெல்ல முன்னும் பின்னும் அசைத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, "பாப்பா, தடியான போர்வை ஒண்ணும் டார்ச்சும் எடுத்துட்டு வா" என்றாள்.

பட்டப்பகலில் போர்வையா என்று அப்பா சிரித்தார். சித்தி தரையில் லேப்டாப்பை வைத்து, தன்மேலும் என்மேலும் அதன்மேலும் போர்வையைப் போர்த்தினாள். உள்ளே கும்மிருட்டு. லேப்டாப்பின் சூடும் சித்தியின் தலை எண்ணெய் வாசமும் மட்டும்தான். அவள் டார்ச்சை எரியவிட்டு, நேராகப் பிடிக்காமல், திரைக்குப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தாள்.

"நீ பாரு பாப்பா. என்ன தெரியுது, சொல்லு."

முதலில் டார்ச்சின் வட்டம்தான் தெரிந்தது. "ஒண்ணும் இல்ல சித்தி" என்றேன். அவள் டார்ச்சை ஓர் இம்மி நகர்த்தினாள். அப்போதுதான் கறுப்புக்குள்ளிருந்து ஒரு கால் தெரிந்தது. என் கால். தீபாவளிக்கு வாங்கிய என் வெள்ளைச் செருப்பு.

அது அக்கா திரையில் போட்டு வைத்திருந்த குடும்பப் படம். போன தீபாவளிக்கு எங்கள் மாடி வராந்தாவில் எடுத்தது. டார்ச் போன இடமெல்லாம் துண்டு துண்டாக நாங்கள் வெளியே வந்தோம். அப்பாவின் வயிறு, அம்மாவின் கை, அக்காவின் மூக்குக் கண்ணாடி. செத்துப்போனது என்று எல்லோரும் கைவிட்ட திரைக்குள் நாங்கள் ஐந்து பேரும் இருட்டில் சத்தமில்லாமல் நின்றுகொண்டிருந்தோம். காலையிலிருந்து அங்கேயேதான் நின்றிருக்கிறோம், யாருக்கும் தெரியவில்லை. கோயிலில் திரை விலகி, கற்பூர வெளிச்சத்தில் சாமி முகம் தெரியும்போதுகூட எனக்கு அப்படி இருந்ததில்லை.

"சித்தி, நீங்க இருக்கீங்க. பச்சை சேலை."

"எந்தப் பக்கம் நிக்கிறேன்?"

"வலது பக்கம். அம்மாவுக்குப் பக்கத்துல."

"சிரிக்கிறேனா?"

"லேசா சிரிக்கிறீங்க."

"எழுத்து ஏதாவது தெரியுதா? கீழ பாரு."

கண்ணை இடுக்கிக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தேன். அக்காவின் பெயரும், கட்டுரை என்பதற்கான மலாய்ச் சொல்லும் இருந்தன. சித்தி எல்லாவற்றையும் இரண்டு தடவை கேட்டாள். நான் சரியாகப் பார்க்கிறேனா என்று பரீட்சை வைக்கிறாள் என்று நினைத்து, ஒன்றுவிடாமல் சொன்னேன். ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். அவள் திரையைப் பார்க்கவில்லை. டார்ச்சைத் திரைமேல் பிடித்துக்கொண்டு என் குரல் வந்த பக்கமாக முகத்தை வைத்திருந்தாள். அவளுக்குத் தெரியாததா, இதையெல்லாம் ஆயிரம் தடவை பார்த்திருப்பாள் என்று தோன்றியது. எனக்காக விட்டுக்கொடுக்கிறாள் என்று பெருமையாக இருந்தது.

போர்வையை விலக்கியதும் அப்பாவிடம் சொன்னாள். "படம் இருக்கு மாமா. ஸ்க்ரீன் நல்லா இருக்கு. படத்துக்குன்னு சொந்தமா வெளிச்சம் கிடையாது, பின்னால ஒரு விளக்கு எரியணும். அதுதான் எரியல. விளக்கு போயிருக்கணும், இல்ல யாரோ அணைச்சு வச்சிருக்கணும்."

யாரோ என்றதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்பாள் பெயரைச் சொல்லிவிடுவாளோ என்று நான் பார்த்துக்கொண்டிருக்க, சித்தி கண்ணை மூடிக்கொண்டு, விசைகளுக்கு மேல் திரை மடங்கும் ஓரமாக ஆள்காட்டி விரலை ஓட்டினாள். இடது கோடியிலிருந்து மெல்ல மெல்ல நகர்ந்த விரல் ஓர் இடத்தில் நின்றது. திரும்பி வந்து, மறுபடி அதே இடத்தில் நின்றது. விரலை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். பிறகு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

மூடியைச் சாத்தும்போது அழுந்துகிற குமிழாம் அது. அது அழுந்தினால், மூடிவிட்டார்கள் என்று நினைத்து லேப்டாப் விளக்கை அணைத்துவிடும். மூடியைச் சாத்தியபோது உள்ளே போன குமிழை என் சந்தனம் ஓரத்தில் இறங்கிக் காய்ந்து, வெளியே வரவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. திறந்து வைத்த லேப்டாப் தன்னை மூடிவைத்திருக்கிறார்கள் என்றே நம்பிக்கொண்டிருந்திருக்கிறது.

"தூசி அடைச்சிருக்கு மாமா" என்றாள் சித்தி. ஜாக்கெட்டில் குத்தியிருந்த ஊக்கை எடுத்துச் சுற்றிலும் சுரண்டினாள். காய்ந்த சந்தனம் பொடியாக உதிர்ந்ததை அப்பா பார்க்காதபடி புறங்கையால் தள்ளிவிட்டாள். நாலைந்து தடவை அமுக்கி அமுக்கி விட்டாள். டிக் என்று ஒரு சின்னச் சத்தம். ஐந்து பேரும் பளீரென்று வெளிச்சத்துக்கு வந்தோம்.

அப்பா எழுந்து நின்றுவிட்டார். "பொண்ணு பெரிய ஆளுதான் லா" என்று அவர் சொன்னதை என் வாழ்நாளில் அந்த ஒருமுறைதான் கேட்டேன். அம்மா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு அக்காவைக் கூட்டிவர லிஃப்டில் இறங்கி ஓடினாள். அக்கா மூச்சிரைக்க வந்து உட்கார்ந்து, எல்லாவற்றையும் சரிபார்த்து அனுப்பி முடித்தபோது மூன்றரை மணி. அனுப்பிய பிறகுதான் அழுதாள். சித்தி மட்டும் அந்த வெளிச்சமான படத்தை, பச்சைச் சேலையில் நிற்கிற தன்னை, வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது. அக்காவுக்காகச் சந்தோஷப்படுகிறாள் என்று நினைத்தேன்.

அக்காவுக்கு உதவி கிடைத்தது. அவள் கோலாலம்பூர் போனாள். அடுத்த வருடமே சித்தி ஃபேக்டரி வேலையை விட்டுவிட்டாள். ஏன் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நான் இடைநிலைப்பள்ளிக்குப் போன பிறகுதான் அம்மா சொன்னாள். கண்ணின் உள்பக்கத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுப்போகும் நோயாம். முதலில் இருட்டில்தான் பார்வை போகும். பிறகு பக்கங்கள் போகும். நேரே இருப்பது கடைசியில்தான் போகும். சரஸ்வதி பூஜைக்கு மாதக்கணக்கில் முன்பே அவளுக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. ஃபேக்டரியில் விளக்கைக் குறைத்துவிட்டார்கள், இரவு வேலை அசதி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நாளைத் தள்ளியிருக்கிறாள். இப்போது எங்களோடுதான் இருக்கிறாள். ஜன்னல் திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்பது மட்டும் தெரியும்.

அந்த விஜயதசமி சாயங்காலம் சித்தியைப் பஸ் ஏற்றிவிட நான்தான் போனேன். சந்தனத்தைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த நன்றியில் அவள் கையைப் பிடித்து ஆட்டிக்கொண்டே நடந்தேன். நிறுத்தத்துக்கு வந்ததும் நின்றாள்.

"பாப்பா, போர்வைக்குள்ள உனக்கு நெசமாவே படம் தெரிஞ்சுதா? சும்மா சொல்லலையே?"

உண்மையில் எல்லாம் மங்கலாகத்தான் தெரிந்தது. கண்ணை இடுக்கினால்தான் தெரிந்தது. பாதியை நான் ஊகித்துத்தான் சொன்னேன். ஆனால் என்னைக் காட்டிக்கொடுக்காத சித்தியைச் சந்தோஷப்படுத்த எனக்கு வேறு என்ன இருந்தது?

"பளிச்சுன்னு தெரிஞ்சுது சித்தி" என்றேன். "யாரு பார்த்தாலும் தெரியும்."

அவள் சரி என்று தலையாட்டிவிட்டு, என் கையை விடாமல் பஸ் வரும் வரை நின்றாள்.