சிவந்துபோன ஸ்டிக்கர்

என் சித்தப்பாவுக்கு இரண்டு விஷயங்களில் கர்வம் உண்டு. ஒன்று, ஞாயிறு ஆராதனையில் அவர் வாசிக்கும் கிட்டார். அதைச் சபையே பொறுத்துக்கொண்டது. இன்னொன்று, அவர் கட்டும் பெட்டி. அதில் மட்டும் யாரும் குறை சொல்ல முடியாது. வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் பேக்கிங் பிரிவுக்கு அவர்தான் சூப்பர்வைசர்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது தன் பழைய கிட்டார் ஆம்ப்ளிஃபயரை மதுரைக்காரர் ஒருவருக்கு விற்றார். முப்பது கிலோ கனம். அதைக் கட்ட, எங்கள் மாடி அறையில் குடியிருந்த தூத்துக்குடி அண்ணனைக் கூப்பிட்டுக்கொண்டார். அண்ணனுக்கு அதே கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. பேக்கிங்குக்கு மாற்றி எடுத்துக்கொள்வதாகச் சித்தப்பா சொல்லியிருந்தார். அங்கே போனால் வேலை நிரந்தரமாகும் என்று பேச்சு. இந்தப் பெட்டிதான் பரீட்சை என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

உள்ளே பல்பு மாதிரி இருந்த கண்ணாடி வால்வுகளைக் கழற்றித் தனித்தனியாகச் சுற்றினார்கள். முகப்புக் குமிழ்களுக்கு ஃபோம், மூலைகளுக்கு அட்டைக் காப்பு, பெட்டிக்குள் இன்னொரு பெட்டி. சித்தப்பா குலுக்கிப் பார்ப்பார். உள்ளே லேசாக அசைந்தாலும் பிரித்து முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அண்ணன் மூன்று முறை சலிக்காமல் பிரித்துக் கட்டினார். நாலாவது முறை சித்தப்பா தலையாட்டினார்.

கடைசியாக, கம்பெனியில் கேட்டு வாங்கிவந்த ஒரு ஷாக் ஸ்டிக்கரை ஒட்டினார்கள். நடுவில் வெள்ளையாக ஒரு சின்னக் குழாய். பெட்டியை யாராவது கீழே போட்டால் அது சிவந்துவிடும். பிறகு எப்போதும் வெள்ளையாகாது.

அண்ணன் பெட்டியைத் தனியாளாக மாடியிலிருந்து இறக்கி, கூடத்தில் வைத்துவிட்டுக் கைகழுவப் போனார். சித்தப்பா வண்டி கூட்டிவரப் போனார். நானும் ஸ்டிக்கரும் மட்டும் இருந்தோம்.

சிவக்கும் என்று சொன்ன ஒன்றைச் சிவக்கவைத்துப் பார்க்காமல் இருக்கும் பொறுமை எனக்கு என்றைக்குமே கிடையாது. தட்டினேன். குத்தினேன். ஒன்றும் ஆகவில்லை. சித்தப்பா ரீல் விடுகிறார் என்றுகூடத் தோன்றியது. பெட்டியின் தலையைப் பிடித்து என் பக்கம் சாய்த்து, சட்டென்று விட்டேன். தரை அதிர்ந்தது. ஸ்டிக்கர் மிளகாய்ப்பழமாய்ச் சிவந்திருந்தது.

திரும்பி வந்த சித்தப்பாவின் கண் முதலில் அதில்தான் விழுந்தது.

"இன்னாடா இது? பொட்டிய கீழ போட்டியா?"

"இல்லண்ணே, பையத்தான வச்சேன்," என்றார் அண்ணன், ஈரக்கையோடு.

சித்தப்பா என் பக்கம் திரும்பினார். "நீ இங்கதான இருந்த? பார்த்தியா பாப்பா?"

"அண்ணன் தொப்புன்னு வெச்சாரு," என்றேன். கொஞ்சமும் தடுமாறவில்லை. இன்று நினைத்தாலும் உடம்பு கூசுவது அந்தப் பொய்யால் மட்டுமல்ல, அது அத்தனை சரளமாக வந்ததால்தான்.

அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு சித்தப்பாவைப் பார்த்தார்.

"ஆமாண்ணே," என்றார். "கை வழுக்கிருச்சு. தப்புத்தான்."

சித்தப்பா திட்டவில்லை. பெட்டியை அங்கேயே பிரித்து, வால்வுகளை மாட்டி, வாசித்துப் பார்த்தார். ஆம்ப்ளிஃபயருக்கு ஒன்றுமில்லை. மறுபடி கட்டும்போது அண்ணனைக் கூப்பிடவில்லை. அண்ணன் டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றார். சித்தப்பா எழுந்து வந்து வேறு டேப் எடுத்துப் போனார். பேக்கிங் பேச்சு அதோடு நின்றது. சில மாதங்களில் கான்ட்ராக்ட் முடிந்து அண்ணன் ஊருக்குப் போய்விட்டார்.

இப்போது நானும் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்டில்தான் இருக்கிறேன். நான் தொடாத ஒரு பாகத்தில் கீறல் போட்டது நானா என்று சூப்பர்வைசர் ஒருநாள் கேட்டார். முதல் தடவை, இல்லை சார் என்றேன். இரண்டாம் தடவை கேட்டபோது, ஆமாம் சார் என்றேன். அன்று ஷிப்ட் பஸ்ஸில் வீடு வரும்வரை அண்ணன் முகம்தான்.

பத்து வயதில் எனக்கு அது விளங்கவில்லை. செய்யாததைச் செய்தேன் என்று பெரியவர்கள் சொல்வார்களா என்ன? அப்படியானால் நிஜமாகவே அவர்தான் போட்டிருக்கிறார், ஸ்டிக்கர்தான் தாமதமாகச் சிவந்திருக்கிறது என்று நம்பினேன். மனம் லேசாகிவிட்டது. அன்றைக்குச் சாயங்காலம் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தவரிடம் போய், "வுடுண்ணா, சித்தப்பா மறந்துடுவாரு. இனிமே பாத்து வை," என்று ஆறுதல் வேறு சொன்னேன்.

"சரி பாப்பா," என்றார்.