ஏழாம் நம்பர் ஃபேன்

எங்கள் நகர் ஆண்களுக்கு எதையும் வேகமாக ஓட்ட வேண்டும். ஓட்ட இடம் இருக்கிறதா என்பதெல்லாம் அப்புறம். வெள்ளானூர் பக்கம் வயலை மனை போட்டு விற்றபோது வாங்கிக் குடியேறியவர்கள் நாங்கள். முக்கால்வாசிப் பேர் ஆவடியில் ராணுவ வண்டி செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள், என் வீட்டுக்காரர் உட்பட. தெருவில் ஒரு தண்ணீர் பம்ப் மக்கர் பண்ணினால் போதும், பத்துப் பேர் ஸ்பேனரோடு வந்து நிற்பார்கள்.

என் வீட்டுக்காரருக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள் ஆவடிக்குப் போய் டயாலிசிஸ் செய்தாக வேண்டும். போன வருட மழையில் ஏரி நிரம்பி, உபரித் தண்ணீர் எங்கள் சாலையின் குறுக்கே பாய்ந்து ஓடியது. மீட்புப் படகு வரத் தாமதமாகி ஒரு டயாலிசிஸ் தவறிப்போனது. காலும் முகமும் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டும் என்று அவர் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். நான் எதிரே உட்கார்ந்து அவர் மூச்சு விடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த முறை இப்படி ஆனால் தாங்க மாட்டார் என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார்.

அதை நான் எங்கள் நகர் நலச் சங்கத் தலைவரிடம் சொன்னேன். அவர் வெல்டிங் பிரிவில் இருந்தவர். என் வீட்டுக்காரரை அண்ணன் என்பார், என்னை அண்ணி என்பார். "இனிமே எவன் படகுக்கும் நாம காத்துகினு இருக்க வேணாம் அண்ணி" என்றார். நீல நிற பிளாஸ்டிக் பீப்பாய்களை இரண்டு வரிசையாகப் படுக்க வைத்து, மேலே இரும்புச் சட்டம் அடித்து, பலகை போட்டு, அவர்களே ஒரு மிதவைப் படகு கட்டினார்கள். நடுவில் அண்ணனுக்கென்று ஒரு நாற்காலி. காசிமேட்டிலிருந்து பழைய மோட்டார் ஒன்று வந்தது, படகின் பின்னால் மாட்டுகிற வகை. மோட்டாருக்கு ஒரு குறையும் இல்லை. தண்ணீரைத் தள்ளுகிற ஃபேன் மட்டும் ஒரு இறக்கை உடைந்திருந்தது.

புது ஃபேன் வாங்கப் பூந்தமல்லிக்குத் தலைவரோடு நானும் போனேன். மோட்டார் கடை பாய் இரண்டு ஃபேன்களை எடுத்து வைத்தார். இரண்டும் ஒரே அகலம். ஒன்றில் பதினொன்று, இன்னொன்றில் ஏழு என்று பொறித்திருந்தது. மரத்தில் ஸ்க்ரூ இறங்குகிற மாதிரி, ஒரு சுற்றுக்குப் படகை எத்தனை அங்குலம் தள்ளப் பார்க்கும் என்பதற்கான எண் அது என்று பாய் சொன்னார்.

"எத்தினி பேரு ஏறுவீங்கோ?" என்றும் கேட்டார்.

"அத்த அப்பால பாத்துக்கலாம் பாய். பதினொண்ணு பெருசா, ஏழு பெருசா? எங்க அண்ணன சீக்கிரமா கொண்டு போவணும்."

எனக்கும் அந்தக் கணக்கு சரியென்றுதான் பட்டது. போன வருடம் முழுக்க 'தாமதம், தாமதம்' என்றே எங்கள் மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது. பாய் இரண்டையும் கொடுத்தனுப்பினார். போட்டுப் பார்த்து வேண்டாததைத் திருப்பித் தரச் சொன்னார்.

ஆயுத பூஜை அன்றைக்கு ஏரியில் வெள்ளோட்டம். மோட்டாருக்குச் சந்தனம், குங்குமம், மாலை. தலைவரும் செயலாளரும் ஏற, பதினொன்றாம் நம்பர் ஃபேன் படகைச் சும்மா இழுத்துக்கொண்டு பறந்தது. கரையில் ஒரே விசில். நானும் கை தட்டினேன், அதை மறைப்பானேன்.

மறுநாள் டயாலிசிஸ். அங்கே முதல் வேலை எடை பார்ப்பதுதான். உடம்பில் எவ்வளவு தண்ணீர் ஏறியிருக்கிறது என்று அதை வைத்துத்தான் கணக்குப் போடுவார்கள். எங்கள் வீட்டில் ஒரு டம்ளர் மோர் குடித்தாலும் எடையாகத்தான் பார்ப்போம். அவர் மெஷின் மேல் ஏறி நின்றபோது முள் நகர்ந்ததைப் பார்த்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் படகில் ஏறிய இரண்டு பேரும் ஒல்லிப்பிச்சான்கள்.

திரும்பி வந்ததும் தலைவரைப் பிடித்தேன். "மழையில இவரு தனியாவா போவாரு? நான், ஓட்டுறவரு, இவரைத் தூக்க ரெண்டு பேரு, பிரசவம் காய்ச்சல்னு வேற யாராவது. இத்தனை பேரை வச்சு ஓட்டிப் பாத்தீங்களா?"

"எல்லாரும் ஓட்டத்தான் அண்ணி வந்தானுங்க. சும்மா ஏறி உக்கார யாரு கீறா?"

வந்ததே கோபம் எனக்கு. "நாங்க கீறோம்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருப் பெண்கள் லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு ஏரிக்கரைக்கு வந்தோம். எங்களில் யாரும் ஒல்லி இல்லை. கரையில் குடை பிடித்து உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர், "டெஸ்டிங்குக்கு சரியான லோடு வந்துகினு கீது" என்றார். முறைத்தேன். தலைவர் மோட்டாரை முழுசாகத் திருகினார். அது உறுமியது, கரும்புகை கக்கியது. படகு நகர்வேனா என்றது. லேசாக ஒரு காற்று அடித்ததும் எங்களை அப்படியே பக்கவாட்டில் தள்ளிக்கொண்டுபோய்க் கோரைப் புல்லில் சொருகியது.

யாரும் சிரிக்கவில்லை. ஏரிக் காற்றுக்கே இப்படி என்றால் சாலையில் பாயும் வெள்ளத்துக்கு? தலைவர் முகம் செத்துவிட்டது.

கரையிலிருந்து என் வீட்டுக்காரர்தான் குரல் கொடுத்தார். "முழு லோடு லாரிய நாலாவது கியர்ல எடுத்தா இன்னாய்யா ஆவும்? அந்த ஏழ மாட்டுங்க."

படகைக் கரைக்கு இழுத்து, பின்னைப் பிடுங்கி, நட்டைக் கழற்றி, ஏழாம் நம்பரை மாட்டினார்கள். மறுபடி ஏறினோம். இந்த முறை மோட்டார் உறுமவில்லை, தடையில்லாமல் சுற்றுகிற சத்தம் வந்தது. படகு மெதுவாக, ஆனால் யார் தடுத்தாலும் நிற்காது என்பதுபோல் கிளம்பியது. ரிவர்ஸ் போட்டதும் சொன்ன பேச்சு கேட்டு நின்றது. மாட்டு வண்டி வேகம்தான். "இன்னா அண்ணி, நடந்தே போவலாம் போல" என்று செயலாளர் அலுத்துக்கொண்டார். வெள்ளத்தில் நடந்து காட்டுங்கள் பார்ப்போம் என்றேன். பதினொன்று பூந்தமல்லிக்குத் திரும்பிப் போயிருக்க வேண்டும். ஆனால் தலைவர் மனசு கேட்காமல் அதைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார்.

மழை கார்த்திகையில் பிடித்துக்கொண்டது. டயாலிசிஸ் அன்று காலை எங்கள் சாலையில் மார்பளவுத் தண்ணீர். அவரைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தோம். அடுத்த தெருவிலிருந்து ஒரு நிறைமாதக்காரியும் அவள் அம்மாவும் வந்து ஏறினார்கள். சிறுபாலத்தை நெருங்கும்போது குறுக்கு வெள்ளம் படகைப் பிடித்தது. படகு நின்றேவிட்டது. பக்கத்தில் ஒரு காம்பவுண்டு சுவரை ஒட்டி முருங்கை மரம். அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அங்கேயே இருந்தது, அங்கேயே இருந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் போக ஆரம்பித்தது. அந்த முருங்கை மரம் பின்னால் போனதைப் போல ஒரு சந்தோஷம் என் கல்யாணத்தில்கூட எனக்குக் கிடைக்கவில்லை.

மெயின் ரோட்டில் ஆட்டோ பிடித்து நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். அவர் மெஷினில் ஏறி எடை பார்த்து, படுக்கையில் படுத்து, குழாய் மாட்டிய பிறகு நான் வெளியே வந்தேன். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். பயத்தில் அழவில்லை, பயம் விட்டதில் அழுதேன். தலைவரும் மற்றவர்களும் ஈர லுங்கியோடு மாடிப்படியில் உட்கார்ந்து, டயாலிசிஸ் முடிகிற வரைக்கும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

திரும்பும்போது மழை விட்டிருந்தது. படகு அதே மாட்டு வண்டி வேகத்தில் போனது. தலைவர் பின்னாலிருந்து கத்தினார்.

"அண்ணி, அண்ணன் உடம்புல தண்ணி எடுத்தாச்சு, லோடு கொறஞ்சுபோச்சு. இப்போ அந்தப் பதினொண்ண மாட்டிடலாமா?"

நான் திட்ட வாயெடுப்பதற்குள் என் வீட்டுக்காரர் நாற்காலியில் சாய்ந்தபடி கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்.

"மெதுவாவே போ நைனா. எனக்கு இன்னா அவசரம் கீது?"

தலைவர் மோட்டாரை இன்னும் கொஞ்சம் குறைத்தார்.