எழுபத்து நான்காம் பக்கம்

பிரேமலதா சித்தி கடைப் பலகையைக் கழற்றச் சொன்னபோது நான் ஊர் திரும்பி ஒன்பது நாள் ஆகியிருந்தது. ஆறு வருஷம் ஏதேதோ தேசங்களில் சுற்றிவிட்டு வந்தவளுக்குத் திருப்பதியில் வேறு வேலை இல்லை. சித்தியின் ஜெராக்ஸ் கடையில் காகிதங்களுக்கு ஸ்டேப்ளர் பின் அடித்துக்கொண்டிருந்தேன். பலகையில் ‘பிரேமா ஜெராக்ஸ்’ என்றும், அதன் கீழே சிவப்பில் ‘பக்கம் தப்பாது’ என்றும் எழுதியிருக்கும். பெயிண்ட் அடிக்க வேண்டும் என்று காரணம் சொன்னாள். போன மாதம்தானே அடித்தீர்கள் என்று பக்கத்து டீக்கடைக்காரர் கேட்டார்.

நான் ஸ்டூல் மேல் நின்று ஆணியோடு போராடிக்கொண்டிருந்தேன். கீழே பலகையைத் தாங்கிப் பிடித்தபடி, பத்து வருஷமாக யாருக்கும் சொல்லாததைச் சித்தி என்னிடம் சொன்னாள்.

“ஞாயித்துக்கெழம நாகேந்திரன் வரான். ஒரிஜினல் புஸ்தகத்த எடுத்துகினு வரானாம். அதுல எழுபத்து நாலாம் பக்கம் இருக்கும். நான் அடிச்சது இருக்காது.”

சித்தியின் ஊர் பாலசமுத்திரம். அவளுடைய அம்மாவும் அப்பாவும் அடுத்தவர் நிலத்தில் கரும்பு வெட்டியவர்கள். எங்கள் குடும்பத்தில் ஆங்கில டைப்ரைட்டிங்கில் ஹையர் கிரேடு தேறிய முதல் ஆள் சித்திதான். தொண்ணூற்றாறில், திருப்பதியில் மாடிக்கு மாடி கம்ப்யூட்டர் கோர்ஸ் முளைத்தபோது, யுனிவர்சிட்டி ரோட்டில் கடை போட்டாள். அமெரிக்கா போகிறவன் எவனாக இருந்தாலும் மார்க் ஷீட்டையும் பாஸ்போர்ட்டையும் தூக்கிக்கொண்டு முதலில் சித்தியிடம்தான் வந்தான். விசா மறுக்கப்பட்டவர்களும் மறுபடி அவளிடமே வந்தார்கள். அவள் கையால் எடுத்த காப்பியில் ஒரு தாள் விட்டுப்போனதாக யாரும் சொன்னதில்லை.

நாகேந்திரன் புத்தலப்பட்டுப் பையன். தொண்ணூற்றெட்டில் எம்.சி.ஏ. படித்துக்கொண்டிருந்தான். அவனுடைய அண்ணன் அமெரிக்காவிலிருந்து லீவில் வரும்போது தடியான ஆங்கிலப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். அது ஒரு விளையாட்டின் சட்டப் புத்தகம். பலகை, சீட்டு எதுவும் கிடையாது. ஒருவன் கதை சொல்வான். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாக அந்தக் கதைக்குள் போய்ப் பூதங்களோடு சண்டை போடுவார்கள். அடி விழுந்ததா, விழுந்த அடியில் செத்தானா என்பதையெல்லாம் புத்தகமும் இருபது முகப் பகடைக் கட்டை ஒன்றும் தீர்மானிக்கும். அந்தக் கட்டை திருப்பதியில் கிடைக்கவில்லை. ஒன்று முதல் இருபது வரை எண் போட்ட ஹவுஸி ஆட்டக் காய்களை பிலிம் டப்பாவில் போட்டுக் குலுக்கிக்கொண்டார்கள்.

ஆறு செட் ஜெராக்ஸ் ஆனது. அண்ணன் புத்தகத்தோடு விமானம் ஏறிப் போனார். மறுநாள் ஆறு பேரும் கடை வாசலில் நின்றார்கள். எழுபத்து மூன்றாம் பக்கம், ‘சண்டையின் நடுவே ஒரு வீரர் எதிரிக்கு முதுகைக் காட்டினால்’ என்று முடிந்தது. அடுத்த பக்கம் எழுபத்தைந்து. அதில் குதிரைத் தீவனத்தின் விலை இருந்தது.

சித்திக்கு உடனே புரிந்துவிட்டது. அன்று அந்த இடத்தில்தான் கரண்ட் போனது. சாப்பிட்டுவிட்டு வந்து, எழுபத்து நான்கு முடிந்துவிட்டது என்று நினைத்து அடுத்த பக்கத்தை வைத்திருக்கிறாள். ‘பக்கம் தப்பாது’ அவள் தலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. அந்தத் தாள் மெஷினுக்கு அடியில் இருக்கும், நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பிவிட்டாள்.

அன்று சாயங்காலம் அவளே டைப் அடித்தாள். முதுகைக் காட்டிப் போகிறவனை என்ன செய்வது என்று யோசித்தபோது, அவளுக்குத் தெரிந்த ஒரே சட்டம்தான் நினைவுக்கு வந்தது. எங்கள் வீடுகளில் யாரும் ‘போறேன்’ என்று சொல்லிவிட்டுக் கிளம்ப முடியாது. சொன்னால் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துத் திட்டுவார்கள். அவளுடைய ஆங்கிலம் டைப்ரைட்டிங் பரீட்சைக் கடிதங்களில் கற்றது. ஆகவே சட்டம் இப்படி வந்தது: ‘போர்க்களத்தை விட்டு விலக விரும்பும் வீரர், போய் வருகிறேன் என்று எதிரிக்கு முறையாகத் தெரிவித்துக்கொள்ள வேண்டியது. அவ்வாறு தெரிவித்தவரைத் தாக்கலாகாது. அவர் மூன்று சுற்றுகளுக்குள் தவறாது திரும்பி வருமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்.’

அதை இரண்டு முறை காப்பி எடுத்து மங்கலாக்கினாள். புத்தகத்தின் நடு மடிப்பில் விழும் கறுப்பு நிழலைக்கூட, தாளின் ஓரத்தில் ஒரு கறுப்பு சாக்ஸை வைத்து வரவழைத்தாள். ஆறு பேரும் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு போனார்கள்.

புத்தகத்தையே கரைத்துக் குடித்தவள் என்று நினைத்து, சட்டத்தில் தகராறு வரும்போதெல்லாம் அவளிடம் வர ஆரம்பித்தார்கள். சித்தி டிக்‌ஷனரியோடு உட்கார்ந்து உண்மையாகவே படித்தாள். ஞாயிறு மதியம் மூன்று மணிக்குக் கடையிலேயே ஆட்டம், சிவப்பு மெத்தை போட்ட நாற்காலியில் தீர்ப்பு என்று ஆயிற்று. கேடயமும் விளக்கும் பிடித்திருப்பவன் வாளை உருவ முடியுமா என்று கேட்டவனை, டிபன் கேரியரும் குடையுமாக நிற்கவைத்து பஸ் பாஸை எடுக்கச் சொன்னாள். அவனால் முடியவில்லை. தீர்ப்பு முடிந்தது. படித்தவர்கள் பறந்து போனார்கள், புதியவர்கள் வந்தார்கள். கதை சொல்லும் முனிகிருஷ்ணன் மட்டும் உள்ளூர்க் கல்லூரியில் லெக்சரராகித் தங்கிவிட்டான். வாரத்தில் ஆறு நாள் வாசலில் ‘ஏம்மா, ரெண்டு காப்பி’ என்று கூப்பிடப்படுகிறவளை, ஏழாம் நாள் பட்டதாரிகள் எழுந்து நின்று மேடம் என்றார்கள். அது போய்விடும் என்பதுதான் சித்தியின் பயம்.

ஞாயிற்றுக்கிழமை நாகேந்திரன் வந்தான். தொப்பை வைத்திருந்தது. எல்லோருக்கும் சாக்லேட் கொடுத்தான். பிறகு பையிலிருந்து புத்தகத்தை எடுத்து மேஜை மேல் வைத்துவிட்டு நியூஜெர்சிக் கதையைச் சொன்னான்.

அங்கே போன முதல் மாதம், ஆபீஸ்காரர்கள் ஆட்டத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒரு மலைப்பூதம் இவனைப் போட்டு மிதித்திருக்கிறது. இவன் எழுந்து நின்று, கை கூப்பி, போய் வருகிறேன் என்று ஆங்கிலத்தில் பூதத்திடம் தெரிவித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். என்ன இது என்று கேட்டிருக்கிறார்கள். எழுபத்து நாலாம் பக்கம் என்று இவன் சொல்ல, அவர்கள் புத்தகத்தைத் திறந்திருக்கிறார்கள். முதுகைக் காட்டுகிறவனுக்குப் பக்கத்தில் நிற்கும் ஒவ்வொரு எதிரியும் இலவசமாக ஓர் அடி அடிக்கலாம் என்றுதான் அதில் இருந்தது. இன்றைக்கும் அந்த ஆபீஸில் யார் பாத்ரூமுக்குப் போனாலும் இவனைப் பார்த்துக் கை கூப்பிவிட்டுத்தான் போகிறார்களாம்.

எல்லோரும் சிரித்தார்கள். சித்தி சிரிக்கவில்லை. அவன் பக்கத்தைத் திறந்து அவள் பக்கம் திருப்பினான்.

“கரண்ட் போச்சு, பக்கம் போச்சு. நான்தான் அடிச்சேன்,” என்றாள் சித்தி. பிறகு எழுந்து, அந்தப் புத்தகத்தைச் சிவப்பு மெத்தை மேல் வைத்தாள். இனிமேல் அதையே கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, கவுண்டருக்கு வந்து என் கையிலிருந்து ஸ்டேப்ளரைப் பிடுங்கிக்கொண்டாள்.

புத்தகம் தலைமை தாங்க ஆட்டம் தொடங்கியது. ஒரு மணி நேரத்தில் ஓர் அடிதான் விழுந்தது. ‘பக்கத்தில் நிற்கும்’ என்றால் எத்தனை அடி தூரம் என்று மூன்று பேர் மூன்று விதமாகப் படித்தார்கள். புத்தகம் யாருக்கும் டிபன் கேரியர் கொடுக்கவில்லை. இதற்குள் முனிகிருஷ்ணன், தன் நோட்டில் பத்து வருஷமாக உயிரோடு வைத்திருந்த நாகேந்திரனின் பழைய வாள்வீரனைச் சுற்றி, ஒரு குகையில், மீதி ஹவுஸி காய்களில் ஐந்தைக் குட்டிப் பூதங்களாக நிறுத்திவிட்டான். வீரனிடம் மூன்று உயிர்ப் புள்ளிகள் பாக்கி. திரும்பி ஓடினால் ஐந்து இலவச அடி.

நாகேந்திரன் கவுண்டரைப் பார்த்தான். சித்தி யாருடைய புராஜெக்ட் ரிப்போர்ட்டையோ மூலை சேர்த்துத் தட்டிக்கொண்டிருந்தாள்.

“மேடம், அந்தப் பழைய பக்கம்…”

“எந்தப் பக்கம்?”

“உங்க பக்கம்.”

“அது பொய்ப் பக்கம்ன்னு இப்பத்தானப்பா காட்டிகினு இருந்த.”

“பொய்ன்னு நான் எங்க மேடம் சொன்னேன்? புஸ்தகத்துல இல்லன்னுதான் சொன்னேன்.”

சித்தி இன்னும் இரண்டு தாளுக்கு ஸ்டேப்ளர் பின் அடித்தாள். அவற்றுக்குத் தேவையில்லை. பிறகு வந்து, நாற்காலியிலிருந்த புத்தகத்தைத் தூக்கி மேஜைக்கு அடியில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். முறையாகத் தெரிவிக்கும்படி சொன்னாள். நியூஜெர்சியில் சொந்த வீடு வாங்கியிருந்த நாகேந்திரன் எழுந்து, ஐந்து ஹவுஸி காய்களைப் பார்த்துக் கை கூப்பி, “போய்ட்டு வரேன்” என்றான். பூதங்கள் வழி விட்டன.

அவனுடைய வீரன் குகை வாசலில் நின்று காயத்துக்குக் கட்டுப் போட்டான். தண்ணீர் குடித்தான். மறுபடி தண்ணீர் குடித்தான்.

“மூணாவது ரவுண்டு, நாகேந்திரா,” என்றாள் சித்தி.

அவனுக்கு அடி பலமாம்.

“சொல்லிட்டுப் போனவன் வரணும். ஊருக்கு வரவே பத்து வருஷம் எடுத்துகின, அதுக்கே நான் ஒன்னும் சொல்லல.”

போனான். முதல் அடியிலேயே செத்தான். முனிகிருஷ்ணன் நோட்டில் சிவப்பு மையால் கோடு போட்டான். நாகேந்திரன், சித்தியின் எழுபத்து நான்காம் பக்கம் நியூஜெர்சிக்கு ஒரு காப்பி வேண்டும் என்றான். மடிப்பு நிழலோடு, பக்க எண்ணோடு, அச்சடித்த மாதிரியே இருக்க வேண்டுமாம்.

நிழலெல்லாம் இனிமேல் கிடையாது என்று சித்தி சொல்லிவிட்டாள். புதிதாக டைப் அடித்து, கடைசி வரியில் ‘இப்படிக்கு, பிரேமலதா, பிரேமா ஜெராக்ஸ், திருப்பதி’ என்று சேர்த்தாள். அதற்குக் கீழே கடை போன் நம்பர்.

“அதுல ஏதாச்சும் தகராறு வந்தா போன் பண்ணச் சொல்லு,” என்றாள். “ஒன்னுலேருந்து ரெண்டு வரைக்கும் மட்டும் வேணாம். சாப்பாட்டு நேரம்.”

திங்கட்கிழமை பலகையைத் திரும்ப மாட்டினேன். ‘பக்கம் தப்பாது’ அப்படியே இருந்தது. அதற்கு முன்னால் ‘பெரும்பாலும்’ என்று சித்தி ஸ்கெட்ச் பேனாவால் எழுதியிருந்தாள்.